சுற்றியும் பிடிக்காத இழை

கிணற்றுக்குள் கனமான மோட்டாரை இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வடத்தை வெறும் கையால் பிடித்து இறக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். நான்கைந்து பேர் சேர்ந்தாலும் திணறக்கூடிய எடை, அந்த ஒருவர் கையில் அடங்கி நிற்கும். மரத்தில் இரண்டே சுற்று; அவ்வளவு பிடிப்பு.

இதை மனதில் வைத்துக்கொண்டு தூண்டில்காரரின் ரீலுக்கு வாருங்கள். இழையைச் சுற்றிவைக்கும் உருளை, அதாவது ஸ்பூல், நிறையப் பின்னல் இழை. ஆயிரம் சுற்றுக்கு மேல் இருக்கும். அடியில் முடிச்சும் போட்டிருக்கிறார்கள். கரையிலிருந்து வீசிய தூண்டிலில் ஒரு பாரை மீன் மாட்டுகிறது. மீன் அறுத்துக்கொண்டு போகாமல் இருக்க, இழையை அளவோடு விட்டுக்கொடுக்கும் தடை ஒன்று ரீலில் உண்டு, டிராக் என்பார்கள். அதை முழுக்க இறுக்கியும் இழை போய்க்கொண்டே இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் சுற்றுகிறது. மீன் மட்டும் ஓர் அடி கூட நெருங்கவில்லை. பலரும் டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைப் பழுதுபார்க்கக் கொண்டுபோவார்கள். டிராக் நன்றாகவே இருக்கும். ஸ்பூல் அசையாமல் நிற்க, அதைச் சுற்றியிருக்கும் இழைத் திரள் மட்டும், தளர்ந்த மோதிரம் விரலில் சுழல்வதுபோல, மொத்தமாகச் சுழன்றுகொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் மார்க்கர் பேனாவால் ஸ்பூலின் விளிம்பிலிருந்து இழைத் திரளின் குறுக்காக ஒரு கோடு போட்டு, இழையைக் கால் சுற்று அளவுக்கு வேகமாக இழுத்துப் பார்க்கலாம். விளிம்பில் உள்ள கோடும் இழையில் உள்ள கோடும் சேர்ந்து நகர்ந்தால் வழுக்குவது டிராக். இழையில் உள்ள கோடு மட்டும் தனியாகப் பிரிந்து நகர்ந்தால் வழுக்குவது இழை.

இரண்டு சுற்றில் மோட்டார் நிற்கிறது. ஆயிரம் சுற்றில் மீன் நிற்கவில்லை. ஏன்? இதற்கான பரிகாரம் அனுபவசாலிகள் எல்லோருக்கும் தெரியும்: முதலில் கொஞ்சம் சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி, அதன் முனையில் பின்னல் இழையை முடிந்து, பிறகு மேலே சுற்ற வேண்டும். கடைக்காரர்கள் இதை 'பேக்கிங்' என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அடிச்சுற்று என்று அழைப்போம். விலையுயர்ந்த பின்னல் இழையை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு என்று பொதுவாக நினைக்கிறார்கள். மிச்சமாவது உண்மைதான். ஆனால் அது உப பயன். அடிச்சுற்று செய்யும் உண்மையான வேலை வேறு. மரத்தடியில் வடத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே ஓர் ஆள், அவருடைய வேலையைத்தான் அது செய்கிறது.

பாலிதீன் பையும் பின்னல் இழையும்

நரம்பு என்று நாம் சொல்வது ஒற்றை இழையாக வார்க்கப்பட்ட நைலான். தமிழகக் கடற்கரையில் தங்கூஸ் என்றும் இலங்கையில் தங்கூசி என்றும் வழங்குவது இதுதான். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935-ல் நைலானை உருவாக்கியது. சில ஆண்டுகளுக்குள் அது தூண்டிலுக்கும் வந்து, அதுவரை இருந்த பட்டையும் பருத்தியையும் போகப்போக ஓரங்கட்டிவிட்டது.

பின்னல் இழையின் பூர்வீகம் வேறு. கடையில் 'பிரெய்டு' என்று கேட்டால் கிடைக்கும் இந்த இழை, நான்கு அல்லது எட்டு மெல்லிய புரிகளைச் சடை போலப் பின்னிச் செய்யப்படுகிறது. புரிகள் எதனால் ஆனவை? பாலிதீன். காய்கறி வாங்கும் மெல்லிய பை எந்தப் பொருளோ அதே பொருள். பையை விரலால் கிழித்துவிடலாம். இந்த இழை விரலைக் கிழித்துவிடும். வேறுபாடு மூலக்கூறுகள் கிடக்கும் விதத்தில் இருக்கிறது. பையில் சங்கிலி போன்ற மூலக்கூறுகள் கொட்டிவைத்த நூல்கண்டுபோல் சிக்கிக் கிடக்கின்றன. பின்னல் இழைக்கு எடுத்துக்கொள்ளும் பாலிதீனின் சங்கிலிகள் பல மடங்கு நீளமானவை. அவற்றைக் கரைப்பானில் நீர்க்கக் கரைத்துச் சிக்கலைத் தளர்த்தி, கூழ் நிலையில் வெளியே இழுத்து, அப்படியே பலமுறை நீட்டினால், வாரிய கூந்தல் போல எல்லாச் சங்கிலிகளும் ஒரே திசையில் படிந்துவிடும். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1970-களின் இறுதியில் கண்ட வழி இது. அப்படிப் பிறந்த இழை, எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது, தண்ணீரில் மிதக்கும், தண்ணீரை உறிஞ்சாது.

ஆனால் அது பாலிதீன் என்பது மாறவில்லை. பாலிதீன் சங்கிலி வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ள அதில் கொக்கி எதுவும் இல்லை. நைலான் சங்கிலியிலோ ஆக்சிஜனும் நைட்ரஜனும் இடையிடையே உட்கார்ந்திருக்கின்றன. அவை தண்ணீரையும் பிற பரப்புகளையும் மெல்லக் கவரும். நைலானின் மேற்பரப்பு கொஞ்சம் மெத்தென்றும் இருக்கிறது. அமுக்கினால் அடியில் உள்ள பரப்போடு படிந்துகொள்ளும். ஒரு பொருளை 100 கிராம் விசையால் ஒரு பரப்பின் மேல் அழுத்தி வைத்து, அதை நகர்த்த எத்தனை கிராம் விசை வேண்டும் என்று அளந்தால் கிடைப்பது அந்த இணையின் உராய்வு எண். உலோகத்தின் மேல் நைலானுக்கு அது தோராயமாக 25. பின்னல் இழைக்கு 7 போலத்தான் வரும். ஈரம், மேற்பூச்சு, பரப்பின் பளபளப்பு எல்லாம் இந்த எண்ணை மேலும் கீழும் தள்ளும். எப்படிப் பார்த்தாலும் மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம் நிற்கும்.

அப்படியானால் 'இழை வழவழப்பானது, அதனால் வழுக்குகிறது' என்று சொல்லி முடித்துவிடலாமே? முடிக்க முடியாது. மரத்தைச் சுற்றிய வடத்தின் கணக்கு அதற்குக் குறுக்கே நிற்கிறது.

முனையைப் பிடிக்கும் கை

வடம் மரத்தைச் சுற்றும்போது நடப்பது கூட்டல் அல்ல, பெருக்கல். பதினெட்டாம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த விஷயம் இது. கரடுமுரடான வடம் மரப்பட்டையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், முனையில் உள்ள விசையை அது ஏறக்குறைய 8 மடங்காக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது சுற்று, அந்த 8 மடங்கை மறுபடி 8 மடங்காக்கும், மொத்தம் 64. முனையைப் பிடித்திருப்பவர் 2 கிலோ விசை கொடுத்தால் மறுபக்கம் 128 கிலோ தொங்கலாம். மரம் தடிமனா மெல்லியதா என்பதில் எந்த வேறுபாடும் இல்லை. எத்தனை சுற்று, எவ்வளவு உராய்வு, இரண்டு மட்டுமே கணக்கு.

இதே கணக்கில் வழவழப்பான பின்னல் இழையை வைத்துப் பார்த்தால், உலோகத்தின் மேல் ஒரு சுற்றுக்கு அதன் பெருக்கம் சுமார் ஒன்றரை மடங்குதான். நைலானுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. ஒன்றரை என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் பெருக்கலுக்குப் பொறுமை உண்டு. ஒன்றரையை 20 முறை பெருக்குங்கள்: மூவாயிரத்தைத் தாண்டும். அதாவது முனையில் ஒரே ஒரு கிராம் பிடி இருந்தால் கூட, 20 சுற்றுக்கு அப்பால் 3 கிலோ மீனை நிறுத்திவிட வேண்டும். ஸ்பூலில் இருப்பதோ ஆயிரம் சுற்று. ஆகவே வழவழப்பு மட்டும் குற்றவாளி என்றால், ஆய்லரின் கணக்குப்படி இந்த நழுவல் நடக்கவே கூடாது. நடக்கிறது. எனவே கணக்கு பொருந்துவதற்குத் தேவையான ஏதோ ஒன்று ஸ்பூலில் இல்லை.

இல்லாதது அந்தக் கை. ஆயிரம் மடங்கோ கோடி மடங்கோ, பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம். வடத்தின் முனையைப் பிடித்திருப்பவர் தரையில் ஊன்றி நிற்கிறார். மரத்தோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் தரை அது. ரீலில் இழையின் உள்முனை எதில் கட்டப்பட்டிருக்கிறது? ஸ்பூலின் நடுத்தண்டைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு, அந்தச் சுருக்கை இழையின் மேலேயே முடிந்திருக்கிறார்கள். உண்மையில் அது ஸ்பூலில் கட்டப்படவே இல்லை; தன்னிலேயே கட்டப்பட்டிருக்கிறது. திரள் சுழன்றால் சுருக்கும் கூடவே சுழலும். வடத்தைப் பிடித்திருக்கும் ஆள் மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தால் மோட்டார் என்னவாகும்? அதுதான் இங்கே நடப்பது.

இன்னொன்றும் உண்டு. மரத்தில் வடம் ஒரே அடுக்கு. இழுவிசை வடத்தின் வழியாகவே சுற்றுச் சுற்றாக உள்ளே போய், ஒவ்வொரு சுற்றையும் மரத்தோடு சேர்த்து நெரிக்கிறது. ஸ்பூலிலோ அடுக்கின் மேல் அடுக்கு. குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. மீன் இழுக்கும் விசை மேலே உள்ள சில சுற்றுகளை மட்டும் நெரிக்கிறது. அவை தமக்கு அடியில் உள்ள இழைகளுக்குள் அமுங்கி, திரள் முழுவதையும் ஒரே வளையமாகப் பிடித்துத் திருப்புகின்றன. அடித்தட்டு இழைக்கு நீளவாக்கில் எந்த இழுப்பும் போய்ச் சேர்வதில்லை. ஆகவே பெருக்கல் தொடங்கவே இல்லை. உலோகத்தண்டுக்கும் இந்த வளையத்துக்கும் நடுவே மிஞ்சுவது, சுற்றும்போது இருந்த இறுக்கத்தில் எஞ்சிய அழுத்தமும், அந்த அழுத்தத்தால் வரும் உராய்வும் மட்டுமே.

ஒரு ஸ்பூலின் கணக்கு

எஞ்சிய இறுக்கம் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அது எவ்வளவு என்பதை ஒரு ஸ்பூலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நடுத்தர அளவு ரீல். இழை உட்காரும் நடுத்தண்டின் விட்டம் 30 மில்லிமீட்டர். நிறையச் சுற்றினால் வெளி விட்டம் 46 மில்லிமீட்டர். பாரை 4 கிலோ விசையோடு இழுக்கிறது. வெளி விளிம்பில் விழும் இழுப்பு, உள்ளே தண்டின் பரப்பில் நெம்புகோல் போலப் பெருகும். 30-க்கு 46 என்ற விகிதத்தில் 4 கிலோ அங்கே 6 கிலோவுக்குச் சற்று மேல் ஆகிறது. இந்த 6 கிலோவை உராய்வு தாங்க வேண்டும்.

நைலானாக இருந்தால், 100-க்கு 25 என்ற உராய்வில், அடி அடுக்கு முழுவதும் சேர்ந்து தண்டைச் சுமார் 24 கிலோ விசையோடு அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். பின்னல் இழையாக இருந்தால், 100-க்கு 7 என்பதால், 87 கிலோ. அடி அடுக்கில் 40 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு நைலான் 600 கிராம், பின்னல் இழை 2 கிலோவுக்குச் சற்று மேல். இழுத்துச் சுற்றிய ஒரு சுற்று, தன் இழுவிசையைப் போல ஆறேகால் மடங்கு அழுத்தத்தைத் தண்டைச் சுற்றிலும் மொத்தமாகத் தருகிறது. ஆக நைலான் சுற்று ஒவ்வொன்றிலும் 100 கிராம் இழுவிசை எஞ்சி இருந்தால் போதும். பின்னல் இழையில் 350 கிராம் எஞ்சி இருக்க வேண்டும்.

350 கிராம் பெரிய விசை இல்லை. சுற்றும்போது விரலால் அழுத்தினால் அதைத் தந்துவிடலாம். பிரச்சினை தருவதில் இல்லை, தங்குவதில் இருக்கிறது. இழுவிசை இழையில் தங்குவது அது கொஞ்சம் நீண்டிருப்பதால். நீட்சி போனால் இழுவிசையும் போகும். நைலான் இளகும் இனம். அறுபடுவதற்குள் கால் பங்கு வரைக்கும் நீளக்கூடியது. பின்னல் இழை நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குக்கு மேல் நீளாது. அதனால்தான் தொலைவில் மீன் தொட்டாலும் அது கைக்குத் தெரிகிறது. தூண்டில்காரர்கள் அதை விரும்புவதும் இதற்காகவே. 0.30 மில்லிமீட்டர் நைலானை 100 கிராம் விசையில் சுற்றினால் அது ஆயிரத்தில் 7 பங்கு நீளும். 0.23 மில்லிமீட்டர் பின்னல் இழையை 350 கிராம் விசையில் சுற்றினாலும் அது பத்தாயிரத்தில் 8 பங்குதான் நீளும்.

ஒரு சுற்றின் நீளம் 94 மில்லிமீட்டர். நைலான் சுற்றில் சேமித்த நீட்சி சுமார் 0.66 மில்லிமீட்டர். அந்தச் சுற்று, தண்டை நோக்கி 0.1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால்தான் அதன் இறுக்கம் முழுவதும் தீரும். பின்னல் இழையில் சேமித்த நீட்சி 0.075 மில்லிமீட்டர். அது 0.012 மில்லிமீட்டர் அமிழ்ந்தாலே இறுக்கம் பூஜ்யம். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஆறில் ஒரு பங்கு. இழை என்பது கம்பி அல்ல. உள்ளே இடைவெளி உள்ள சடை. மேலே அடுக்குகள் ஏற ஏற அது சப்பையாகும். 0.23 மில்லிமீட்டர் இழை தன் தடிமனில் பத்தில் ஒரு பங்கு சப்பையானால் போதும், அதன் நடுக்கோடு அந்த 0.012 மில்லிமீட்டர் இறங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு சப்பையாகாத பின்னல் இழை உண்டா? விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நாடாவாக விரியும்.

மேல் அடுக்குகளும் சேர்ந்து அழுத்துமே, அதைக் கணக்கில் விட்டுவிட்டீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை உதவும்தான். ஆனால் அவையும் அதே சடை, அதே குணம். தமக்கு அடியில் உள்ளவை அமிழும்போது தாமும் தளர்கின்றன. அதனால் நான் தந்த 350 கிராம் என்ற எண் உண்மையில் குறையலாம். நைலானின் 100 கிராமும் அதோடு சேர்ந்து குறையும். இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம் மாறாது. மும்மடங்கு இறுக்கம் தேவைப்படும் இழையே, இறுக்கத்தைத் தக்கவைப்பதில் ஒன்பது மடங்கு பலவீனமாக இருக்கிறது. இறுக்கம் தங்குவதற்கு நைலானே சாட்சி: முழு விசையோடு நீளமான நைலானை மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பூலில் சுற்றினால், ஒவ்வொரு சுற்றும் ரப்பர் வளையம் போல இறுக்கிக்கொண்டே போய், ஸ்பூல் நசுங்கிப் பிளந்துவிடுவது உண்டு. பின்னல் இழையின் வலிமையைப் பார்த்து மயங்கும் கண்ணுக்கு அதன் இந்தப் பலவீனம் தெரிவதில்லை. அறுபடாமல் இருப்பது ஒரு குணம். விடாமல் பிடித்திருப்பது முற்றிலும் வேறு குணம்.

டேப் ஒட்டினால் போதாதா?

அடிச்சுற்றே தேவையில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி.

தண்டின் மேல் துணி டேப்பையோ மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பையோ ஒரு சுற்று ஒட்டி, அதன் மேல் நேரடியாகப் பின்னல் இழையைச் சுற்றலாம் என்பார்கள். சில நிறுவனங்கள் தண்டில் ரப்பர் பட்டை பதித்த ஸ்பூல்களையே விற்கின்றன. இது வேலை செய்யும், காரணமும் நம் கணக்கிலேயே இருக்கிறது: ரப்பர் உராய்வை உயர்த்துகிறது, மெத்தென்று இருப்பதால், முதலில் அமுங்கி, இழை தளரும்போது மீண்டும் எழும்பி, கொஞ்சம் இறுக்கத்தைக் காப்பாற்றுகிறது. டேப்பின் பலவீனம் அதன் பசை. கடல் உப்பிலும் வெயிலிலும் பசை இளகி, டேப்பே தண்டின் மேல் நகரத் தொடங்கினால் பழைய கதைதான். ஸ்பூலின் தண்டில் துளையோ சிறு முளையோ இருந்தால் இன்னும் நல்லது. துளை வழியே இழையை நுழைத்து முடிந்துவிட்டால், முனை இப்போது ஸ்பூலிலேயே கட்டுண்டது. அதாவது, கை வந்துவிட்டது. பெருக்கல் தானாகத் தொடங்கும். அப்படிப்பட்ட ஸ்பூல் உள்ளவர்களுக்குப் பிடிப்புக்காக அடிச்சுற்று வேண்டாம்.

பசை போட்டு ஒட்டிவிடலாமே என்ற யோசனை மட்டும் முழுக்கத் தவறு. இழை வழுக்குவதற்கு எது காரணமோ அதுவே பசை ஒட்டாததற்கும் காரணம். கொக்கி இல்லாத பரப்பில் பசையும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? காய்ந்த பசை, பாலிதீன் பையிலிருந்து உரிவதுபோல உரிந்து வந்துவிடும்.

அடிச்சுற்று இந்த எல்லா வேலையையும் எந்த ஸ்பூலிலும் செய்கிறது என்பதே அதன் சிறப்பு. நைலான், தண்டைத் தன் இறுக்கத்தால் பிடிக்கிறது. பின்னல் இழை, நைலானின் முனையில் முடியப்பட்டிருக்கிறது. இப்போது பின்னல் இழைத் திரள் மொத்தமாகச் சுழலப் பார்த்தால் முடிச்சு இழுபடும். முடிச்சு இழுபட்டால் நைலான் தன் நீளவாக்கில் இழுபடும். சுற்றுக்கு 5 மடங்கு என்ற பெருக்கல் உடனே வேலையைத் தொடங்கும். மரத்தடி ஆள் ஊன்றி நின்றுவிட்டார். கூடவே இன்னொரு நன்மை: நைலான் ஏறிய பிறகு பின்னல் இழை தொடங்கும் விட்டம் 30-லிருந்து 38 மில்லிமீட்டர் போல ஆகிவிடுகிறது; அந்த இடத்தில் 4 கிலோ இழுப்பு 5 கிலோவைக் கூடத் தொடுவதில்லை.

இரண்டு இழையும் சேரும் இடம்

வழுக்கும் இழையைப் பிடிக்க நைலான் வைத்தோம். அந்த நைலானோடு அதைச் சேர்க்கும் முடிச்சிலேயே வழுக்கினால்? இந்தக் கவலைக்கு ஆதாரம் உண்டு. நைலானுக்கு நைலான் நன்றாகப் பிடிக்கும் பல முடிச்சுகள், பின்னல் இழையில் மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வந்துவிடும். முடிச்சு என்பதும் சிறிய மரங்களைச் சுற்றிய சிறிய வடங்கள்தான். அதே பெருக்கல்தான் அங்கேயும்.

அடிச்சுற்றுக்குப் பெரும்பாலானோர் போடுவது இரட்டை யூனி முடிச்சு. இரண்டு இழைகளின் முனைகளையும் எதிரெதிராக ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றன் மேல் ஒன்றாக வைக்க வேண்டும். நைலான் முனையை மடக்கி ஒரு வளையம் விட்டு, அந்த முனையை வளையத்துக்குள்ளாக, இரண்டு இழைகளையும் சேர்த்து நான்கு முறை சுற்றி இழுக்க வேண்டும். மறுபக்கம் பின்னல் இழையின் முனையை அதேபோல் மடக்கி, எட்டு முதல் பத்து முறை சுற்ற வேண்டும். இரண்டையும் நனைத்து, இருபுறமும் நிதானமாக இழுத்தால், இரண்டு முடிச்சும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வந்து முட்டி நிற்கும்.

ஏன் ஒருபக்கம் நான்கு, மறுபக்கம் பத்து? முடிச்சுக்குள் இழை இழையோடுதான் உரசுகிறது, உலோகத்தோடு அல்ல. ஆனாலும் வித்தியாசத்தின் அளவை உணர நம் எண்களே போதும். 5-ஐ நான்கு முறை பெருக்கினால் 625. ஒன்றரையை நான்கு முறை பெருக்கினால் 5 மட்டுமே. எட்டு முறை என்றால் 25. பத்து முறை என்றால் 57. நான்கு சுற்றோடு நிறுத்திய பின்னல் முடிச்சில் இழுப்பின் ஐந்தில் ஒரு பங்கு வால்முனை வரை வந்து அதை உருவப் பார்க்கும். பத்துச் சுற்றில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை முடிச்சின் நெருக்கமே தாங்கிக்கொள்ளும். ஆனாலும் வால் கொஞ்சம் உள்வாங்கும் என்பதால், வெட்டும்போது நைலான் வாலை ஒட்ட வெட்டினாலும் பின்னல் இழையின் வாலை 3 மில்லிமீட்டராவது விடுவது நல்லது.

சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது, அவை படியும் திசையும் முக்கியம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் கண்ணுக்கே காட்டியது. இழுபட்டால் நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கம் விழுகிறது என்று பார்த்தார்கள். இழைகள் எத்தனை இடத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன, அடுத்தடுத்த இடங்களில் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொள்கின்றனவா என்பவை முடிச்சின் பிடிப்பைத் தீர்மானிக்கின்றன என்று தெரிந்தது. பத்துச் சுற்றையும் ஒழுங்காக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படியவைத்துப் போடும் பழக்கத்துக்குப் பின்னால் பொருள் இருக்கிறது. ஏறிப் படிந்த சுற்று, தான் நெரிக்க வேண்டிய இழையை உரசாமல் விட்டுவிடுகிறது. எண்ணுக்குப் பத்து, வேலைக்கு ஆறு.

நனைப்பதற்கும் காரணம் உண்டு. உலர்ந்த இழையை வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூடு ஒரே புள்ளியில் குவியும். இந்தப் பாலிதீன் 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும் பொருள். உருகுவதற்கு வெகு முன்பே அதன் வலிமை குறையத் தொடங்கும். ஈரம் சூட்டைக் குறைக்கிறது. சுற்றுகள் தத்தம் இடத்தில் போய் உட்காரவும் விடுகிறது.

இரட்டை யூனிக்கு மாற்றாகப் போடப்படும் எஃப்ஜி என்ற முடிச்சில் பின்னல் இழை, நைலானை இருபதுமுறை போல மாறி மாறிச் சுற்றி நெரிக்கும்; நைலான் மடங்குவதே இல்லை. மெல்லியது, வலுவானது. தூண்டில் கோலின் வளையங்கள் வழியே ஓட வேண்டிய முன்முனை இணைப்புக்கு அதுதான் சிறந்தது. அடிச்சுற்றில் முடிச்சு ஸ்பூலின் அடியில் புதைந்து கிடக்கப்போகிறது. மீன் பின்னல் இழை முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடினால்தான் வெளியே தலைகாட்டும். அங்கே இரட்டை யூனியே போதும் என்பது என் கருத்து.

எவ்வளவு நரம்பு?

பிடிப்புக்கு மட்டும் என்றால் இரண்டு மூன்று அடுக்கு நைலான் தாராளம். அதற்கு மேல் எவ்வளவு என்பது ஸ்பூலை நிறைக்கும் கணக்கு. 0.30 மில்லிமீட்டர் இழை 240 மீட்டர் கொள்ளும் என்று ஸ்பூலில் அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்மிடம் 0.23 மில்லிமீட்டர் பின்னல் இழை 150 மீட்டர் இருக்கிறது. இழை அடைக்கும் இடம் நீளத்தோடும், தடிமனின் வர்க்கத்தோடும் போகும். 0.30-ஐ 0.30-ஆல் பெருக்கி 240-ஆல் பெருக்கினால் 21.6. 0.23-க்கு அதேபோல் 150 மீட்டருக்குச் செய்தால் 7.9. பின்னல் இழை அடைப்பது ஸ்பூலில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதி 13.7-ஐ நைலான் நிரப்ப வேண்டும்; 0.30 நைலானில் அது ஏறக்குறைய 150 மீட்டர். பின்னல் இழை சப்பையாகப் படியும் என்பதால் இந்தக் கணக்கு சற்று முன்பின் இருக்கும். கணக்கை நம்பாதவர்கள் தலைகீழாகச் சுற்றிப் பார்க்கலாம்: முதலில் பின்னல் இழையைச் சுற்றி, அதோடு நைலானை முடிந்து, விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் வரும் வரை நிரப்பி வெட்டிவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் காலி ஸ்பூல் ஒன்றுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அங்கிருந்து ரீலுக்குச் சுற்றினால், நைலான் அடியிலும் பின்னல் இழை மேலுமாகச் சரியாக விளிம்பில் வந்து நிற்கும்.

எந்த வழியில் சுற்றினாலும் நைலானைத் தளர்வாகச் சுற்றக் கூடாது. தளர்ந்த அடிச்சுற்றின் மேல் மெல்லிய பின்னல் இழை கத்திபோல இறங்கி நடுவே சிக்கிக்கொள்ளும். அடுத்த வீச்சில் அங்கேயே மாட்டி அறும். ஈரத் துணியை மடித்து, அதற்குள் நரம்பை விட்டு, விரலில் இலேசாகச் சூடு தெரியும் அழுத்தத்தில் நிதானமாகச் சுற்ற வேண்டும். முடிச்சு வந்து படிந்ததும் அதன் மேல் முதல் பத்து இருபது சுற்றுப் பின்னல் இழையையும் அதே அழுத்தத்தில் சுற்றிவிட்டு, பெருவிரலால் திரளைத் திருகிப் பாருங்கள்: ஸ்பூலும் கூடவே திரும்பும்.